வீணைக்கு அளவெடுத்துச் செய்த பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. விமான நிலையத்தில் பெரிய சாமான்களுக்கான தனி வாசல் வழியாக வந்து சேர்ந்த ஃபைபர் பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத்தான் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். திறந்து பார்த்தபோது, தண்டி என்ற நீண்ட கழுத்தும் குடம் என்ற உருண்ட உடலும் சேரும் ஒட்டில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று ஓடியிருந்தது; தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோக மெட்டுகளில், மேல் ஸ்தாயியில் உள்ள ஏழு மெழுகோடு பெயர்ந்து கிடந்தன. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஒட்டைப் பிரித்துச் சேர்த்து, மெழுகு முழுவதையும் எடுத்துவிட்டுப் புது மெழுகில் மெட்டுகளைப் பதித்து (இதை மேளம் கட்டுவது என்பார்கள்) வாங்குவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில், அடுத்த பயணத்துக்கு எந்தப் பெட்டி என்பதைப் பற்றி நான் தெரிந்துகொண்டவையும், கடைசியில் சென்னை அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் செய்து வாங்கிய பெட்டி இந்த ஓராண்டில் எப்படி உழைத்திருக்கிறது என்பதும்தான் இந்த மதிப்புரை. பட்டறையின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன், பட்டறைக்காரரிடம் அதற்கு அனுமதி கேட்கவில்லை.

முதலில் அந்தப் பழைய பெட்டி ஏன் தோற்றது என்பதைச் சொல்ல வேண்டும். அதன் ஓடு உறுதியானது, அதில் எனக்கு இன்றும் குறையில்லை. உள்ளே ஒட்டியிருந்த ஓரங்குல ஸ்பஞ்சுதான் பத்தாண்டுப் பழக்கத்தில் அப்பளம்போல் நசுங்கிவிட்டது. நசுங்கிய பிறகு வீணைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. துண்டு ஒன்றை மடித்துச் செருகிக்கொண்டிருந்தேன். பெட்டி கீழே விழும்போது முதலில் நிற்பது பெட்டிதான், வீணை அல்ல. அந்த இரண்டு விரல் தூரத்தையும் வீணை தன் வேகத்தில் கடந்து சுவரில் போய் முட்டுகிறது. ஓடு எவ்வளவுக்கெவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அந்த முட்டல் உள்ளிருக்கும் பொருளுக்கே போய்ச் சேரும். முட்டையை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கினால் டப்பா ஒருநாளும் உடையாது. ஆகவே பெட்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் அதன் மேல் ஏறி நின்று காட்டும் விற்பனையாளரைக் கண்டு மயங்க வேண்டாம். மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மூன்று வழிகள் எனக்கு இருந்தன. அதே மாதிரி ஆயத்த ஃபைபர் பெட்டியை மறுபடி வாங்குவது மலிவானது, ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஆனால் அது எல்லா வீணைக்கும் பொதுவாக வார்க்கப்பட்டது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது என்றாலும், அது இன்றும் பலா மரத்தைக் கையால் குடைந்து செய்யும் பொருள்தான். ஒரே ஆசாரி அடுத்தடுத்துச் செய்த இரண்டு வீணைகளில்கூடக் குடத்தின் வளைவு ஒன்றுபோல் இராது. பொதுப் பெட்டி என்றால் யாருக்கோ தைத்த சட்டை. இரண்டாவது வழி, ஒளிப்படக்காரர்களும் ஆய்வகங்களும் பயன்படுத்தும் பெலிக்கன் போன்ற வார்ப்புப் பெட்டி. தண்ணீர் புகாது, தூசி புகாது, காற்றழுத்தத்தைச் சமன்செய்யத் தனி வால்வு உண்டு. கேமராவுக்கோ அளவைக் கருவிக்கோ கேட்டால் நான் தயங்காமல் அதையே சொல்வேன். ஆனால் வீணையின் நீளத்துக்கு ஈடுகொடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் நீளத் துப்பாக்கிகளுக்காக வார்க்கப்பட்டவை. அவர்களுடைய 1750 என்ற மாதிரி உட்புறம் 50 அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம் உடையது, ஆழமோ ஐந்து அங்குலம்தான். குடம் அதில் பாதிகூட இறங்காது. எனவே மூன்றாவது வழியாக, ஒலிபெருக்கி நிறுவனங்களுக்கும் மருத்துவக் கருவி விற்பனையாளர்களுக்கும் பிளைவுட்டில் அலுமினிய விளிம்பு கட்டிப் பெட்டி செய்துதரும் பட்டறைகளைத் தேடினேன். இரண்டு இடங்களில், வீணையின் நீள அகலத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் மறுநாளே விலை சொல்கிறோம் என்றார்கள். மூன்றாமவர் மட்டும், “பெட்டியப் பத்தி அப்புறம் பேசலாம்மா, மொதல்ல வீணைய எடுத்துட்டு வாங்க” என்றார். வேலையை அவரிடம் கொடுக்க வேறு காரணம் தேவைப்படவில்லை.

அவர் அதற்கு முன் வீணையைத் தொட்டதில்லை. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. எதை எல்லாம் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். தந்திகளை முறுக்கும் பிரடைகள் ஏழும் மரத்தில் இறுக்கத்தால் மட்டுமே நிற்பவை. பக்கவாட்டில் எதுவும் அவற்றை அழுத்தக் கூடாது. மெட்டுகள் இருபத்துநான்கும் மெழுகின் மேல் உட்கார்ந்திருப்பவை. மேலிருந்து ஃபோம் அவற்றின் மீது படவே கூடாது. தந்திகளைத் தாங்கும் குதிரையும், சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் லங்கர்களும் அப்படியே. யாளி முகம் தண்டிக்கு வெளியே வளைந்து தொங்குகிற மரச் செதுக்கல். அதற்கு அடியில் வெற்றிடம் வேண்டும். பிறகு எங்கேதான் பிடிப்பது? குடத்தின் அடிவளைவு முழுவதையும் ஒரு கிண்ணம்போல் தாங்கலாம், தண்டியின் அடிப்பக்கத்தை இரண்டு இடங்களில் ஏந்தலாம், மேலிருந்து குதிரைக்கு இருபுறமும் பலகையின் ஓரங்களைப் பிடிக்கலாம், பிரடைகளுக்கு அப்பால் யாளியின் கழுத்தருகே ஒரு பிடி கொடுக்கலாம். அவ்வளவுதான். தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றிவிடுவதால், தண்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் இடத்தில் அதற்கு ஒரு குழி. பெரிய பழுப்புத் தாளை விரித்து அதன் மேல் வீணையைக் கிடத்திப் பென்சிலால் ஓரம் வரைந்தார். குடத்தின் வளைவை எடுக்க, வளைந்தால் வளைந்தபடியே நிற்கும் ஈயக்கம்பி ஒன்றை நான்கு இடங்களில் வைத்து அழுத்தித் தாளில் ஒற்றிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எனக்குத் தெரிந்து தையல்காரர் யாரும் என்னை அவ்வளவு கவனமாக அளவெடுத்ததில்லை.

ஃபோம் விஷயத்தில்தான் நீண்ட பேச்சு நடந்தது. பெட்டிகளுக்குள் பொதுவாகப் போடுவது இரண்டு வகை. ஒன்று மெத்தைகளில் இருக்கும் பியூ ஸ்பஞ்சு. கை வைத்தால் உள்ளே போகும், தொட இதமாக இருக்கும், ஏழு கிலோ வீணையை வைத்ததும் அடிவரை அமுங்கிவிடும், நம் ஊர் ஈரத்திலும் புழுக்கத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாக உதிரவும் செய்யும். பழைய கேமராப் பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மற்றது ஈபிஈ எனப்படும் வெள்ளை ஃபோம். தொலைக்காட்சிப் பெட்டிகளோடு வருமே, அது. மூடிய குமிழ்களால் ஆனதால் ஈரம் ஏறாது, அமுங்கினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளும், ஆனால் தொட்டால் சொரசொரப்பு. விறைப்பான ஃபோம் என்றால் பாதுகாப்பு அதிகம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் காட்டிய கணக்கு வேறு. பெட்டி 46 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஃபோம் ஒரு செ.மீ. மட்டுமே அமுங்கி வீணையை நிறுத்துமானால், நிற்கும் அந்தக் கணத்தில் வீணை தாங்க வேண்டிய விசை சராசரியாக அதன் எடையைப்போல் சுமார் 46 மடங்கு. ஏழு கிலோவுக்கு முந்நூற்றிருபது கிலோவுக்கு மேல். அதே ஃபோம் இரண்டரை செ.மீ. அமுங்கி இடம் கொடுத்தால் 18 மடங்குதான், ஏறக்குறைய நூற்றுமுப்பது கிலோ. அதிகபட்ச விசை இந்தச் சராசரியைவிட மேலே போகும் என்றாலும் விகிதம் விளங்குகிறது. ஆக, ஃபோம் அமுங்கவும் வேண்டும், அடிவரை அமுங்கிவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது ஃபோமின் வகை மட்டும் அல்ல, எவ்வளவு பரப்பில் எடை இறங்குகிறது என்பதும்தான். குடத்தை இரண்டு கட்டைகளின் மேல் உட்கார்த்தினால் அந்த இரண்டு கட்டைகளும் நசுங்கும். வளைவு முழுவதும் கிண்ணத்தில் பதிந்தால் அதே ஃபோம் தாராளமாகத் தாங்கும். எங்கள் பெட்டியில் எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. ஈபிஈ, வீணை படும் மேற்பரப்பில் மட்டும் மெல்லிய மென்ஃபோமும் அதன் மேல் துணியும் என்று முடிவாயிற்று.

எடையில் நாங்கள் முட்டிக்கொண்டோம். அவர் முதலில் போட்ட திட்டத்தில் 9 மி.மீ. பிளைவுட், நான்கு சக்கரம், எல்லா மூலைகளிலும் கனமான இரும்புக் குமிழ். வீணையோடு சேர்த்து 29 கிலோ வரும் என்றார். விமானத்தில் ஒரு சாமான் 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற பொது வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் நான் போக வேண்டிய அமெரிக்கப் பயணத்துக்குச் சாதாரண வகுப்பில் ஒரு சாமானுக்கு 23 கிலோதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்ற விதியை எந்த வீணைப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது, அதற்கான கூடுதல் கட்டணம் எழுதிவைத்தது; எடைக்கும் தனியாக அழுவானேன்? 6 மி.மீ. பலகைக்கு இறங்கினோம், சக்கரங்களை விட்டோம், மூலைக் குமிழ்களை இலேசாக்கினோம். கடைசியில் வெளியளவு 142 × 48 × 38 செ.மீ., வீணையோடு 22.6 கிலோ. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொதிகளுக்கான சோதனை முறைகளை வகுக்கும் ஐஎஸ்டிஏ அமைப்பின் 1ஏ சோதனையில், 10 கிலோவுக்குக் குறைந்த பொதியை 76 செ.மீ. உயரத்திலிருந்து போடுகிறார்கள், 10 முதல் 19 கிலோ வரை 61, 19 முதல் 28 வரை 46, அதற்கு மேல் 45 கிலோ வரை 31 செ.மீ. கனம் ஏற ஏற விழும் உயரம் குறைகிறது. காரணம் எளிது: இலேசான பெட்டியை ஆள் ஒருவர் மார்பளவு தூக்கி வீசிவிடலாம், கனத்த பெட்டியை இடுப்புக்கு மேல் எடுக்கவே மனம் வராது. எனவே பெட்டியை எவ்வளவு இளைக்க முடியுமோ அவ்வளவு இளைப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. இருபதுக்குச் சற்று மேல், இருபத்துமூன்றுக்குக் கீழ் என்பது எனக்குச் சரியாகப் பட்டது.

நிறத்தைப் பற்றி நானே பிடிவாதம் பிடித்தேன். இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் கறுப்பில்தான் வரும், அழுக்குத் தெரியாது என்பதால். தேன்மெழுகு உருகுவதற்குச் சுமார் 62 டிகிரி தேவை என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். மெட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே சுருதி கெட்டுவிடும். சித்திரை வெயிலில் விமானத்துக்குப் பக்கத்தில் வண்டியில் காத்துக்கிடக்கும் கறுப்புப் பெட்டியை எண்ணிப் பார்த்து வெளிர்சாம்பல் நிறம் கேட்டேன். இருப்பில் இல்லை என்று பத்து நாள் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பு. அதன் பிறகு வந்த மூன்று வாரத் தாமதத்துக்கு அவர்தான் பொறுப்பு.

பெட்டியை எடுத்துக்கொள்ளப் போன நாளில் ஒரு சோதனை செய்தோம். அதை எல்லோருக்கும் சொல்வேன், செலவே இல்லாதது. வீணையைப் பெட்டியில் கிடத்தி, குதிரை, லங்கர்கள், பிரடைகள், மெட்டுகளின் தலை எல்லாவற்றின் மீதும் அரிசி மாவைப் பஞ்சால் இலேசாக ஒற்றினேன். மூடி, கொக்கிகளை எல்லாம் மாட்டி, இருவர் பிடித்துக்கொண்டு பெட்டியை ஒருமுறை முழுவதும் கவிழ்த்து, பக்கவாட்டிலும் நிறுத்தி, பிறகு மெதுவாகத் திறந்தோம். மூடியின் உட்புறம் அரக்குநிற வெல்வெட். அதில் வெள்ளைப் பொட்டு எங்கே விழுந்திருக்கிறதோ அங்கே ஏதோ இடிக்கிறது என்று பொருள். குதிரைக்கு மேலே ஒன்றும் இல்லை, மெட்டுகளுக்கு மேலே ஒன்றும் இல்லை. யாளிப் பக்கத்துப் பிரடை ஒன்றுக்கு நேராக மட்டும், மிளகளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அவர் அதைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து அந்த இடத்தில் விரல்கடை ஆழத்துக்கு ஃபோமைச் சீவிவிட்டு, மறுபடி மாவு ஒற்றச் சொன்னார். இரண்டாம் முறை மூடி சுத்தமாக இருந்தது.

பூட்டு விஷயத்தில் வெளிநாட்டுப் பயணத்தை மனத்தில் வைக்க வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்பு அலுவலர்கள் நாம் இல்லாதபோதே பெட்டியைத் திறந்து பார்க்கலாம். அவர்களிடம் பொதுச் சாவி உள்ள வகைப் பூட்டைப் போடாவிட்டால் உடைத்துத்தான் திறப்பார்கள். திறப்பது பிரச்சினை அல்ல, திரும்ப வைப்பதுதான் பிரச்சினை. வீணையைப் பார்த்தே இராத ஒருவர் அதை எடுத்துத் தலைகீழாகக் கிடத்தி மூடியை அழுத்தினால் அத்தனை ஃபோமும் எதிரியாகிவிடும். அதனால் குழிகளை, வேறு எந்த வாக்கிலும் வீணை உட்கார முடியாதபடி வெட்டச் சொன்னேன். எல்லாம் சரியாக இருக்கும் நிலையில் ஒரு படம் எடுத்து, உறையிட்டு, மூடியின் உள்ளே ஒட்டியிருக்கிறேன். அமெரிக்கப் பயணத்தில் அவர்கள் திறந்து பார்த்ததற்கான தாள் உள்ளே கிடந்தது. வீணை படத்தில் உள்ளபடியே இருந்தது.

இனிக் குறைகள். பெட்டி கைக்கு வந்தபோது உள்ளே பசை நெடி தலையைச் சுற்ற வைத்தது. வீணையின் மெருகுக்கு அந்த ஆவி ஆகாது என்று பயந்து மூன்று வாரம் மூடியைத் திறந்தபடியே மாடியறையில் வைத்திருந்தேன். பசை காய்ந்த பிறகே ஒப்படைப்பது பட்டறையின் வேலை, வாங்குபவரின் வேலை அல்ல. வெல்வெட்டும் என் தேர்வில் நேர்ந்த பிழை: வெயில் நாளில் நீண்ட நேரம் கிடந்த பிறகு, குடத்தின் மெருகில் துணியின் நெசவு மங்கலாகப் பதிந்திருந்தது. துடைத்ததும் போயிற்று, என்றாலும் இப்போது பழைய பருத்திப் புடவை ஒன்றைச் சுற்றித்தான் கிடத்துகிறேன். கைப்பிடிகள் இரண்டையும் பெட்டியின் நீளத்துக்குச் சரிபாதியில் வைத்திருக்கிறார். வீணையின் கனமோ குடத்தின் பக்கம். ஒருவர் தூக்கினால் பெட்டி குடத்தின் பக்கமாகச் சாய்கிறது. காலிப் பெட்டியை வைத்துக் கைப்பிடி போட்டால் இப்படித்தான் ஆகும். சக்கரங்களை விட்டதற்காகவும் விமான நிலையத்தில் இரண்டொரு முறை வருந்தினேன். விலை பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆயத்தப் பெட்டியின் விலையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மேளம் கட்டவும் ஒட்டு வேலைக்கும் போன செலவையும் இரண்டு மாதக் கச்சேரிகளையும் கணக்கில் சேர்த்தால் அது எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

பெட்டியைக் கூரியரில் தனியாக அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். செ.மீ. அளவுகளைப் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள்; அதுவும் உண்மை எடையும் எது அதிகமோ அது கட்டண எடை. என் பெட்டிக்கு அது 52 கிலோ. இருபத்துமூன்று கிலோ சாமானுக்கு ஐம்பத்திரண்டு கிலோவின் கட்டணம். சரக்காகக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்பினால், பெட்டியில் பிளைவுட் தவிர முழு மரச் சட்டங்கள் எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொள்வதும் நல்லது. பச்சை மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதி முழு மரத்துக்கு வெப்பமூட்டுதல் போன்ற பதப்படுத்தலும் முத்திரையும் கேட்கும், பிளைவுட்டுக்குக் கேட்காது. உள்ளூரில் காரின் பின்னிருக்கையில் வைத்து சபாவுக்குப் போய்வருபவர்களுக்கு இந்தப் பெட்டி வேண்டியதே இல்லை, பஞ்சு வைத்துத் தைத்த நல்ல உறை போதும்.

இந்த ஓராண்டில் பெட்டி அமெரிக்காவுக்கு ஒருமுறை, சிங்கப்பூருக்கு ஒருமுறை, தஞ்சாவூருக்கு ரயிலில் மூன்று முறை போய் வந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது ஒரு மூலையின் அலுமினிய விளிம்பு நன்றாக நெளிந்து, பலகையில் கட்டைவிரல் புதையும் பள்ளம் ஒன்று இருந்தது. யாரோ பலமாகவே போட்டிருக்கிறார்கள். இறக்கியிருந்த தந்திகளைச் சுருதிக்கு ஏற்றி மெட்டு மெட்டாகச் சரிபார்த்தேன், ஒன்றுகூட நகரவில்லை. முன்பு பெட்டி நலமாக வந்து வீணை உடைந்தது, இப்போது பெட்டி அடிபட்டு வீணை பிழைத்திருக்கிறது. நெளிந்த விளிம்பை மாற்ற எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சென்ற மாதம் என் மாணவி ஒருத்தி அவள் பயணத்துக்கு இந்தப் பெட்டியை இரவல் கேட்டாள். அவள் வீணையை வைத்துப் பார்த்தோம். குடம் ஒன்றரை செ.மீ. பெரியது, கிண்ணத்தில் இறங்கவே இல்லை, அழுத்தி மூடலாமா என்று கேட்டவளைத் தடுத்துவிட்டேன். பட்டறைக்காரரிடம் சொன்னபோது, வெளிப்பெட்டியை விட்டுவிட்டு உள்ளிருக்கும் ஃபோம் கட்டைகளை மட்டும் அவள் வீணைக்குத் தனியாக வெட்டித் தருவதாகவும், நாலாயிரம் ஆகும் என்றும், அவள் வீணைக்கு நாலரை செ.மீ.க்குக் குறையாமல் பக்க ஃபோம் கிடைக்குமா என்று அளந்து பார்த்த பிறகே உறுதி சொல்வதாகவும் கூறினார். வரும் சனிக்கிழமை வீணையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.